போர் தண்ணீர் வீட்டுக்கு எந்த சிங்க், எந்தக் குழாய்? 304 எவர்சில்வரா, குவார்ட்ஸா?

கொங்குவீடு (திருப்பூர்)

வணக்கம் எல்லாருக்கும். ஊருக்கு வெளியே வீடு கட்டுகிறோம், தரைத்தளம் மட்டும். டைல்ஸ் வேலை முடியப் போகிறது. அடுத்த வாரம் கிரானைட்காரர் வருகிறார், சிங்க் வாங்கியாச்சா, குழாய் வாங்கியாச்சா, அளவு இல்லாமல் கல் வெட்ட மாட்டேன் என்று தினமும் போன் பண்ணுகிறார். வீட்டில் மூன்று கட்சி. மனைவிக்குக் கறுப்பு குவார்ட்ஸ் சிங்க்தான் வேண்டும், ஷோரூமில் பார்த்ததிலிருந்து வேறு பேச்சில்லை. அம்மா, கிரைண்டர் டிரம்மைப் படுக்க வைத்துக் கழுவுகிற மாதிரி பெரிய எவர்சில்வர் தொட்டி போதும் என்கிறார். எனக்கு அடிக்கடி மாற்றுகிற வேலை இல்லாமல் இருந்தால் சரி.

முக்கியமான விஷயம், புழக்கத்துக்குப் போர் தண்ணீர்தான். டெஸ்ட் பண்ணினதில் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 1,400, கடினத்தன்மை 620 என்று வந்தது. ஆற்றுத் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை, அது குடிக்க மட்டும். சிங்க்குக்கு நேர் பின்னால் ஜன்னல். மேடை உயரம் 33 அங்குலம். எந்த சிங்க், எந்தக் குழாய் நிற்கும்? பிராண்ட் பெயரை விட என்னத்தைப் பார்த்து வாங்கணும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பைப்ரெஞ்ச் (மதுரை)

தண்ணீர் அளவோடு வந்து கேட்டதுக்கே பாராட்டணும் சார், முக்கால்வாசிப் பேர் ஷோரூம் போட்டோவோடுதான் வருவார்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை என்று இருக்கிறது. உங்களுடையது அதையும் தாண்டுகிறது. அதனால் எந்த சிங்க் போட்டாலும் வெள்ளைக் கறை படியும், அதை ஏற்றுக்கொண்டு மேலே பேசுவோம்.

எவர்சில்வரில் முதலில் கிரேடு. 304 என்றால் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் சுமாராக. 202-இல் நிக்கல் 4 முதல் 6 வரைதான், மீதிக்கு மாங்கனீஸ் போட்டு ஒப்பேற்றுவார்கள். ஜே4 என்று ஒரு சரக்கு ஓடுகிறது, அதில் நிக்கல் 1 சதவீத அளவுதான். மூன்றும் கடையில் ஒரே மாதிரி பளபளக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரில் உப்பும் புளியும் எப்போதும் இருக்கிறது, அதற்கு மேல் உங்கள் போரில் குளோரைடும் இருந்தால் 202 புள்ளி புள்ளியாக அரிக்க ஆரம்பிக்கும்.

கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டுவார், ஒட்டவில்லை பாருங்க, அசல் 304 என்பார். நம்பாதீர்கள். 202-வும் காந்தத்தில் ஒட்டாது. அதே சமயம் அசல் 304 சிங்க்கே மூலையில், அச்சில் இழுத்து வளைத்த இடத்தில், லேசாக ஒட்டும். ரெண்டு பக்கமும் ஏமாற்றுகிற சோதனை அது. எவர்சில்வர் மொத்த வியாபாரிகளிடம் சின்ன பாட்டிலில் சோதனைத் திரவம் இருக்கும், அடிப்பக்கம் ஒரு சொட்டு விட்டு பேட்டரி முனையைத் தொட்டால் மாங்கனீஸ் அதிகமுள்ள சரக்கில் சொட்டு சிவப்பாக மாறும், 304-இல் அப்படி மாறாது. கடையில் அதைப் போடச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை. பில்லில் 304 என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

ஓஎம்ஆர்_அடுக்ககம் (சென்னை)

நான் மனைவி கட்சி. எங்கள் வீட்டில் கறுப்பு குவார்ட்ஸ் சிங்க்தான். யாரும் அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், அதனால் நான் சொல்கிறேன். முதலில் சத்தம். பாத்திரம் வைத்தால் டங் டங் என்று கேட்காது, ராத்திரி கழுவும்போது பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழ மாட்டார். கீறல் தெரியாது. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சித் தண்ணீர் வடித்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. அது சும்மா பிளாஸ்டிக் இல்லை, சுமார் 80 சதவீதம் குவார்ட்ஸ் துகள், மீதி அக்ரிலிக் பிசின். ஜெர்மனியில் ஷாக் என்ற கம்பெனி கொண்டுவந்த முறை, நம் நாட்டில் குஜராத் பாவ்நகரில் கேரிசில் என்ற கம்பெனி செய்கிறது.

ஆனால் கொங்கு சார், எங்கள் வளாகத்தில் மென்னீராக்கி இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அது பழுதாகி நேராக போர் தண்ணீர் வந்த நாட்களில் எங்கள் சிங்க் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கழிவு ஓட்டையைச் சுற்றி சாம்பல் நிறத்தில் வளையம், குழாய்த் தண்ணீர் விழுகிற இடத்தில் கோலமாவு சிந்தின மாதிரி ஒரு திட்டு. ராத்திரி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) வெந்நீரில் கரைத்து ஊற வைத்துக் காலையில் தேய்த்தால் போகும். 620 கடினத்தன்மைக்கு அதை வாரம் ஒரு தடவை செய்யணும். யார் செய்வது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இதை நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. கறுப்பு வேண்டாம், சாம்பல் அல்லது மணல் நிறம் எடுத்தால் வெள்ளைப் படிவு பாதிக்குப் பாதி தெரியாது. வெள்ளை மட்டும் வேண்டவே வேண்டாம். மஞ்சள் கறை.

கடப்பாகல் (திருச்சி)

எல்லாரும் 304, 304 என்று பயமுறுத்துகிறீர்கள். எங்கள் வீட்டு சிங்க் 90-களில் போட்டது, என்ன கிரேடு என்று யாருக்கும் தெரியாது, இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் கடப்பா கல்லில் செதுக்கிய தொட்டி, அதுவும் உடையவில்லை, கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கக் கிடக்கிறது. சிங்க்குக்கு ஆகிற காசை சமையலறை வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் போடுங்கள் என்பேன். கழுவுகிற இடம்தானே.

பைப்ரெஞ்ச் (மதுரை)

ஐயா, உங்களுக்குக் காவிரித் தண்ணீர். அதில் எது போட்டாலும் ஓடும். அரிக்கிறது சிங்க்கின் வயசு இல்லை, தண்ணீரில் இருக்கிற குளோரைடு. உங்கள் சிங்க்கைக் கழற்றி கொங்கு சார் வீட்டில் மாட்டிப் பார்த்தால் தெரியும்.

துரு என்று எங்களைக் கூப்பிடுகிற வீடுகளில் நிறைய இடத்தில் துரு சிங்க்கில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்புக் கம்பி நாரில் தேய்க்கிறார்கள், அதில் உடைகிற பொடி சிங்க்கில் ஒட்டிக்கொண்டு அது துருப்பிடிக்கிறது. பழுப்புப் புள்ளி மேலே விரலை வைத்துத் தேய்த்தால் பொடியாக வரும், அடியில் பளபளப்பு அப்படியே இருக்கும். கம்பி நாரை ஈரத்தோடு சிங்க் மூலையில் வைத்துவிட்டுப் போகிற பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். தேங்காய் நாரோ பச்சை ஸ்பாஞ்சோ போதும்.

இன்னொன்று, கட்டுகிற வீட்டுக்கு முக்கியம். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். சிங்க்கில் ஒரு சொட்டு நின்றாலும், ஏன், மூடின அறையில் அதன் ஆவி பட்டாலும் 304-லேயே பழுப்பு ஏறும், குழாயின் குரோம் மங்கிப் போகும். குடி போகிற அன்றைக்கே எவர்சில்வர் துருப்பிடித்துவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகிற கேஸ் எல்லாம் இதுதான். ஆசிட் வேலை முடிந்து, நல்ல தண்ணீரில் ரெண்டு தடவை கழுவின பிறகுதான் சிங்க்கின் மேலே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளை உரிக்கணும், குழாய் மாட்டணும். இதைக் கொத்தனாரிடம் மட்டும் சொன்னால் போதாது, கழுவ வருகிறவர்களிடம் நேரில் சொல்லுங்கள்.

கொங்குவீடு (திருப்பூர்)

ரொம்ப நன்றிங்க. டைல்ஸ்காரர் நாளைக்கு ஆசிட் வாங்க லிஸ்ட் கொடுத்திருக்கிறார், நல்ல நேரத்தில் சொன்னீர்கள்.

அப்புறம் இன்னும் சந்தேகம். எவர்சில்வரிலேயே கறுப்பு, தங்க நிறமெல்லாம் வருகிறதே, நானோ கோட்டிங் என்கிறார்கள், மனைவிக்கு அது ஒத்துப்போகுமா? தகடு எத்தனை தடிமன்? கல்லுக்கு அடியில் மாட்டுகிற மாதிரி வேண்டுமா, மேலே உட்காருகிற மாதிரியா?

மாடுலர்தம்பி (கோவை)

அண்ணா, நான் சமையலறை அலமாரி வேலை செய்கிறேன், கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நிறைய வீடு சிக்குகிறது.

நம்ம பக்கம் மேடை எப்படிப் போடுகிறார்கள்? கீழே ஒரு கடப்பா பலகை, அதன் மேலே கலவை, அதன் மேலே கிரானைட். கல்லுக்கு அடியில் சிங்க் என்று சொன்னால் கொத்தனார் சிங்க்கின் விளிம்பை ரெண்டு கல்லுக்கும் நடுவில் வைத்துக் கலவை போட்டு மூடிவிடுவார். பார்க்க அழகாக இருக்கும், துடைத்துத் தள்ள வசதி. ஆனால் நாளைக்கு சிங்க் ஓட்டையானால் கிரானைட்டை உடைக்காமல் எடுக்கவே முடியாது. சிங்க் எட்டாயிரம், கல் உடைத்து மறுபடி போட அதற்கு மேலே. அதனால் அடியில்தான் மாட்டணும் என்றால், சிங்க் வருகிற இடத்தில் கடப்பாவைப் பெரிதாக வெட்டி விட்டுவிட்டு, கிரானைட்டின் அடிப்பக்கம் கிளிப் வைத்து, சிலிக்கான் போட்டு மாட்டச் சொல்லுங்கள். சிலிக்கானை மட்டும் நம்பித் தொங்கவிடக் கூடாது, அதிலும் குவார்ட்ஸ் சிங்க் கனம், தண்ணீரும் பாத்திரமும் சேர்ந்தால் இன்னும் கனம், கீழே ரெண்டு பக்கமும் இரும்பு ஆங்கிள் கொடுத்துத் தாங்கணும். மேலே உட்காருகிற மாதிரி போட்டால் இந்தத் தலைவலியே இல்லை, விளிம்பில் அழுக்கு சேரும், பழைய பல் பிரஷ்ஷில் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அலமாரி அளவையும் பாருங்கள். வெளி அளவு 24 அங்குல சிங்க் 24 அங்குல அலமாரியில் போகாது, ரெண்டு பக்கமும் பலகை தடிமன் இருக்கிறதே. 30 வேண்டும். சிங்க்குக்கு அடியில் சாதா பிளைவுட் போடாதீர்கள். கழிவுக் கப்ளிங்கில் ஒரு சொட்டு கசிந்தால் போதும், பலகை ஊதி கதவு சாத்தாது. அங்கே பிவிசி பலகை போடச் சொல்லுங்கள்.

பைப்ரெஞ்ச் (மதுரை)

தம்பி சொன்னது அத்தனையும் சரி. கல் உடைத்து சிங்க் மாற்றுகிற வேலைக்கு நானே போயிருக்கிறேன், வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது.

தடிமன்: 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ, 20 கேஜ் என்றால் 0.9. எண் ஏற ஏறத் தகடு மெலிகிறது, இதைக் குழப்பிக்கொண்டு 22 கேஜ் தான் பெரிது என்று வாங்கினவர்கள் உண்டு. நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போய் டப் என்று திரும்பி வந்தால் வேண்டாம். அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் சத்தம் குறையும். அதற்காக ரப்பரைத் தடிமன் என்று நினைத்துக் காசு கொடுக்காதீர்கள். ஆழம் 9 அங்குலம் போதும். 33 அங்குல மேடையில் 10 அங்குல ஆழம் போட்டால் அம்மா குனிந்தே நிற்கணும், முதுகு போய்விடும்.

சதுர மூலை சிங்க் இப்போது நாகரிகம், கையால் மடித்து வெல்டிங் பண்ணுவது. மூலை சரியாகக் கூர்மையாக இருந்தால் சோற்றுப் பருக்கை அதில் தங்கும். மூலையில் லேசாக வளைவு இருக்கிறதா, அடியில் ஓட்டையை நோக்கிச் சரிவு இருக்கிறதா என்று கடையிலேயே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் உங்கள் தண்ணீருக்கு அந்த இடத்தில் சுண்ணாம்புதான் மிஞ்சும்.

கறுப்பு, தங்க கோட்டிங் பற்றி: பிவிடி முறையில் (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைப்பது) ஏற்றினது நன்றாக இருக்கும், ஆனால் நானோ என்ற பெயரில் என்னென்னவோ வருகிறது. கம்பி நார் ஓடுகிற வீட்டில் எதுவும் நிற்காது. சாதா மேட் எவர்சில்வரில் கீறல் விழுந்தால் கீறலோடு கீறலாகப் போய்விடும். கோட்டிங் உரிந்தால் சொறி பிடித்த மாதிரி தெரியும், அதைச் சரி பண்ண வழி கிடையாது.

ஓஎம்ஆர்_அடுக்ககம் (சென்னை)

கோட்டிங் விஷயத்தில் பைப்ரெஞ்ச் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். குவார்ட்ஸில் நிறம் முழுக்க உள்ளேயும் இருக்கும், உரிய ஒன்றும் இல்லை. ஆனால் கிரைண்டர் கல், இரும்பு தோசைக் கல், பெரிய குக்கர் கை நழுவி விழுந்தால் எவர்சில்வர் நசுங்கும், குவார்ட்ஸ் ஓரம் சிதறும், கீறலும் விடலாம். மாவாட்டுகிற வீடு என்றால் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

குழாய் பற்றி ஒன்று. தலையை வெளியே இழுக்கிற மாடல் ஷோரூமில் எல்லாரையும் மயக்கும். அது அடுக்ககத்தில், பம்ப் வைத்து அழுத்தம் கொடுக்கிற இடத்தில் நன்றாக ஓடுகிறது. தனி வீட்டில் எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைப்ரெஞ்ச் (மதுரை)

தனி வீட்டில் அழும் அக்கா. கணக்கு சொல்கிறேன். தொட்டி மொட்டை மாடியில் 4 அடி பீடத்தில் இருக்கிறது என்று வையுங்கள். குழாயிலிருந்து தொட்டித் தண்ணீர் மட்டம் வரைக்கும் சுமார் 10 அடி. 10 அடி உயரம் என்றால் 0.3 பார் அழுத்தம், அவ்வளவுதான். இழுக்கிற மாடல்கள் பலவற்றுக்குப் பெட்டிக்குள் இருக்கிற தாளில் குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருக்கும், அதற்கு 0.3 பத்தாது. நூல் மாதிரி ஒழுகும். அப்புறம் அந்த ஸ்ப்ரே தலையில் இருக்கிற ஊசி ஓட்டைகள், 620 கடினத்தன்மையில், சொல்லவே வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு நான் போடுவதென்றால் பித்தளை உடம்பு, கால் சுற்று சுற்றுகிற செராமிக் டிஸ்க், சுழலுகிற நீள மூக்கு. கையில் எடுத்தால் கனம் தெரியணும். பார்க்கப் பித்தளைக் குழாய் மாதிரியே துத்தநாகக் கலவையில் வார்த்தது வருகிறது, அது லேசாக இருக்கும், மேல் குரோமில் ஒரு ஓட்டை விழுந்தால் உள்ளே பொரிந்து போகும். முகத்துக்கு முன்னால் இருக்கிற குழாய் நுனியில் ஏரேட்டர் இருக்கும், சின்ன வலை. அதைக் கையால் கழற்ற முடிகிற மாதிரி இருக்கிறதா பாருங்கள். தனிச் சாவி போட்டுத்தான் கழற்றணும் என்றால் அந்தச் சாவி ஆறு மாதத்தில் தொலையும். மாதம் ஒரு தடவை கழற்றி ராத்திரி முழுக்க எலுமிச்சை உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தால் புதுசு மாதிரி ஓடும்.

பிராண்ட் கேட்கவில்லை என்றீர்கள், நல்லது. கடையில் ஒன்றே ஒன்று கேளுங்கள், இந்தக் குழாயின் உள்ளே இருக்கிற, தண்ணீரைத் திறந்து மூடுகிற கார்ட்ரிட்ஜ் மட்டும் தனியாக இப்போதே ஒன்று கொடுங்கள் என்று. எடுத்துக் கொடுத்தால் வாங்குங்கள், கார்ட்ரிட்ஜையும் சேர்த்து வாங்கி மேலே பரணில் போட்டு வையுங்கள். ஆர்டர் பண்ணினால் வரும் என்றால் வராது. போர் தண்ணீரில் மணலும் சுண்ணாம்பும் போய் முதலில் சாவது அதுதான், குழாய் உடம்பு இல்லை.

சிங்க்குக்கு அடியில் தனியாக ஆங்கிள் காக் (தண்ணீரை அடைக்கிற சின்ன வால்வு) கட்டாயம். அதிலிருந்து குழாய்க்குப் போகிற பின்னல் ஹோஸை நல்லதாகப் போடுங்கள், அதில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்து ராத்திரியில் வெடித்து வீடு முழுக்கத் தண்ணீர் நின்ற கதை என்னிடம் நிறைய இருக்கிறது.

முத்துநகர் (தூத்துக்குடி)

கடல் காற்று ஊரிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே 304-லேயே லேசாகத் தேயிலைக் கறை மாதிரி ஏறும், துடைத்தால் போகும். மாலிப்டினம் சேர்த்த 316 இதற்குத்தான், ஆனால் கடையில் சிங்க்காகக் கிடைப்பது அபூர்வம், விலையும் கட்டாது. குழாயில் குரோம் எங்கள் ஊரில் நிற்காது. ஒன்று 304 மேட் குழாய், அதில் உரிய பூச்சே கிடையாது. இல்லாவிட்டால் பிடிஎம்டி பிளாஸ்டிக். அழகு இல்லைதான், ஆனால் உப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. வெளியே பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு அதையே போட்டுவிடலாம்.

கொங்குவீடு (திருப்பூர்)

இன்றைக்கு அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். ரெண்டு கடையில் சோதனைத் திரவம் கேட்டதுக்கே முறைத்தார்கள். மூன்றாவது கடைக்காரர் அவராகவே எடுத்து, பக்கத்தில் இருந்த விலை குறைந்த சிங்க்கிலும் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார், கண் முன்னால் செங்கல் நிறமாக மாறியது. மனைவி அதற்கப்புறம் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை, எத்தனை கேஜ் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

முடிவு: 304 மேட், 18 கேஜ், ஒரே பெரிய தொட்டி, 30-க்கு 18, ஆழம் 9. மேலே உட்காருகிற மாதிரிதான். கிரைண்டர் டிரம் உள்ளே படுக்கிறதா என்று அம்மா வீட்டிலிருந்து அளந்து கொண்டுவந்த கயிற்றை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். குவார்ட்ஸ் ஆசை முழுக்கப் போகவில்லை, சாப்பாட்டு மேஜை பக்கம் கை கழுவுகிற இடத்துக்குச் சின்னதாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று போடலாம் என்று பேச்சு, அங்கே ஆற்றுத் தண்ணீர் லைன் கொடுத்துவிடலாம்.

குழாய்தான் இன்னும் முடியவில்லை. பின்னால் ஜன்னல் இருப்பதால் சுவரில் மாட்ட முடியாது, கல்லில் ஓட்டை போட்டு நிறுத்துகிற மாதிரிதான் வாங்கணும். அன்னப்பறவைக் கழுத்து மாதிரி உயரமானது பார்த்து வைத்திருக்கிறோம், குடம் வைத்துப் பிடிக்க வசதி. ஓட்டை எத்தனை அளவு?

மாடுலர்தம்பி (கோவை)

பொதுவாக 35 மி.மீ அண்ணா, ஆனால் குழாயைக் கையில் வைத்துக்கொண்டுதான் துளை போடச் சொல்லணும், கல் வந்த பிறகு பெரிதாக்கினால் விளிம்பு பேர்ந்துவிடும். ஓட்டைக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவில் கை போகிற இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அங்கே துடைக்கவே முடியாது. ஜன்னல் கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா?

கொங்குவீடு (திருப்பூர்)

கதவு வெளிப்பக்கம்தான் தம்பி. கொசுவலைக் கதவு உள்பக்கம்.

மாடுலர்தம்பி (கோவை)

அப்போ வலைக் கதவு அந்தக் குழாய்க் கழுத்தில் இடிக்கும். ஜன்னல் அடிக்கட்டையிலிருந்து மேடைக்கு எத்தனை அங்குலம் என்று அளந்து போடுங்கள், இல்லையென்றால் வலையை ஸ்லைடிங்காக மாற்றச் சொல்லுங்கள், பிரேம் இன்னும் பூசவில்லை என்றால் இப்போது சுலபம்.